வானத்தை மறைத்த சாப்பாட்டுத் தட்டு

“...அந்த ஒண்ணு எம்பட பையன்தானுங்க. பொழுது சாஞ்சா வந்துருவான், தவறவே மாட்டான். இந்த வாரம் பூராப் பாருங்க, சைபருன்னே காட்டுது. ஒடம்புக்கு முடியலையோ என்னமோன்னு எனக்கு ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது சாமி” என்றார் சென்னியப்பன்.

சொல்லிக்கொண்டே கணினித் திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். திரையில் வட்டமாக வானம் இருந்தது. மொட்டைமாடியில் மல்லாந்து கிடக்கும் ஒரு கேமரா இரவும் பகலும் அனுப்பிக்கொண்டிருக்கும் வானம். அதன் கீழே, இந்தக் கணினியைச் சேர்க்காமல், இந்த நேரத்தில் உலகத்தில் எத்தனை பேர் இதைப் பார்க்கிறார்கள் என்று சொல்லும் ஒரு சின்ன எண். பூஜ்யம்.

பேச்சில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று தைப்பிங் கடைத்தெருவில் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்று அவருடைய பையன் இல்லை. அந்த ஒன்று நான். இந்த வாரம் எண் பூஜ்யமாக இருந்ததற்குக் காரணம், நான் விமானம் ஏறி இங்கே வந்துவிட்டதுதான்.

எப்படி வந்து மாட்டிக்கொண்டேன் என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில் மழைக்குப் பேர்போன ஊர் தைப்பிங். அங்கே எனக்கு ஒரு தையல் கடை. அண்ணாந்து பார்த்தால் மேகம்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி சரசு போன பிறகு, கடை சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. தொலைக்காட்சியில் எல்லாரும் கத்துகிறார்கள். கத்தாத ஒன்றைத் தேடியபோது இந்தக் கேமரா கிடைத்தது. உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம், மலை அடிவாரத்தில், ஒரு பனியன் கம்பெனி முதலாளி தன் தென்னந்தோப்புக்குள் நட்சத்திரம் பார்க்கும் கூடம் ஒன்று கட்டியிருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் கூட்டிவருவார்களாம். மற்ற நாட்களில் கேமரா மட்டும் விழித்திருக்கும்.

வட்டத்தின் ஓரத்தில் தென்னை ஓலைகள், ஒரு காற்றாலையின் இறக்கை. நடுவில் வானம். சத்தம் கிடையாது. பகலில் பருந்து சுற்றும். இரவில் நட்சத்திரங்கள் அப்படியே நகரும். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே எது எப்போது ஓலைக்குப் பின்னால் இறங்கும் என்று பழகிக்கொண்டேன். ஒருமுறை புதிதாக ஒரு வெள்ளை மேகம் போல ஒன்று நட்சத்திரங்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. மற்றவை நகர, இது மட்டும் நகரவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து, யாரிடம் சொல்வது என்று தவித்தேன். மறுநாள் மாலை ஒரு கை வந்து துடைத்தது. மேகம் போய்விட்டது. பஞ்சு.

அந்தக் கைதான் எனக்குப் பழக்கமான ஆள். தினமும் சாயங்காலம் வரும். பனியன் துணித் துண்டால் கேமராவின் கண்ணாடிக் குமிழைச் சுற்றிச் சுற்றித் துடைக்கும். போகும். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு வட்டமான சாப்பாட்டுத் தட்டு மேலே வந்து வானம் மொத்தத்தையும் மறைக்கும். கேமரா இருட்டிவிட்டது என்று நினைத்துத் தானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். அப்போது தட்டின் அடிப்பக்கம் தெரியும். பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டித் தருவார்களே, அப்படி வெட்டிய பேர்: கதிர்வேல்.

இது அந்தப் பக்கத்து வழக்கமாக இருக்கும், சாமிக்குக் காட்டிவிட்டுச் சாப்பிடுகிறார் போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். அங்கே அந்தி சாயும் நேரம் எனக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். நானும் என் தட்டைத் திரைக்கு முன்னால் ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பிசைவேன். கீழே எண் ஒன்று என்று இருக்கும். அது நான் என்று எனக்குத் தெரியும். வேறு யாரும் வந்ததை நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குழுவுக்குப் பனியன் அடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, “திருப்பூருக்கே போய் வாங்கி வருகிறேன்” என்று நான் கையைத் தூக்கியதற்கு உண்மையான காரணம் பனியன் இல்லை.

போய்ச் சேர்ந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. திருப்பூருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு தனி முகம் இருக்கிறது. வாரம் முழுக்கக் கூரைக்குக் கீழே இருந்தவர்கள் மொத்தமாகத் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். தமிழை விட இந்தி அதிகமாகக் காதில் விழுந்தது. சாயங்காலம் ஆனதும் ஆளுக்கொரு கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவர், பூட்டிய கடைகளின் படி, நிறுத்தி வைத்த லாரியின் நிழல், எங்கே பார்த்தாலும் வெளிச்சம் விழுந்த முகங்கள். அத்தனை பேருக்கும் பேச ஆள் இருந்தது.

நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர், ஒரிசாக்காரர், தன் சாப்பாட்டுத் தட்டைக் கைப்பேசிக்கு முன்னால் சாய்த்துச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். குழம்பு தட்டின் விளிம்பு வரை வந்துவிட்டது.

“அவரு என்ன சொல்றாரு?” என்று டீ ஆற்றுகிறவரிடம் கேட்டேன். அவர் திருநெல்வேலிக்காரர். இங்கே வந்து எல்லா பாஷையும் அரைகுறையாகப் பிடித்து வைத்திருந்தார்.

“மீனு சின்னதா இருக்கேன்னு அவங்க அம்மா சொல்லுது. இல்லம்மா, கேமராவுலதான் சின்னதாத் தெரியும்னு இவன் சொல்லுதான்.” டீயை என் முன்னால் வைத்தார். “பாஷை தெரியணும்னு இல்ல அண்ணாச்சி. சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, ஏன் கம்மியாச் சாப்பிட்டே. நாலு ஊருப் பாஷையிலயும் இதான் ஓடுது.”

டீ அருமையாக இருந்தது. எங்கள் ஊரில் கோப்பிதான் ராஜா. டீ என்றால் டின்னில் வரும் கெட்டிப் பாலின் இனிப்புதான். இங்கே இஞ்சி தொண்டையில் இறங்குவதை எண்ணிக்கொண்டே குடிக்கலாம். “ஊர்ல யாரு இருக்காவ?” என்று கேட்டார். கடை இருக்கிறது என்றேன். “கடையச் சொல்லலியே” என்றார். நான் இன்னொரு டீ கேட்டேன்.

அறைக்குத் திரும்பிக் கைப்பேசியை எடுத்தேன். கேமராவைத் திறக்கலாமா என்று கை துறுதுறுத்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நேரில் பார்க்கப் போகிறவன் எதற்குத் திரையில் பார்க்க வேண்டும்? கல்யாணத்துக்கு முந்திய வாரம் பெண் வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்று என் அம்மா என்னைக் கட்டிப்போட்டது ஞாபகம் வந்தது. அதே பிடிவாதத்தோடு கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அந்தப் பிடிவாதம் இன்னொருவர் வயிற்றில் நெருப்பைக் கட்டும் என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் பெருமாநல்லூருக்குப் போனேன். பனியன் அடித்துத் தரும் சின்னக் கம்பெனி ஒன்று. அதன் மேற்பார்வையாளர் ஓர் அம்மா. எல்லாரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றேன், என்னைவிட இருபது வயது சின்னவர். அளவுகளைச் சொல்லச் சொன்னார். பாதிப் பேருக்கு எக்ஸ்எல் போதும் என்றேன். என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார்.

“உங்க குழுவுல எல்லாரும் உங்களாட்டமேங்களா?”

“ஏறக்குறைய.”

“அப்ப டபுள் எக்ஸ்எல் போட்டுக்கறனுங்க. சாமி காரியம், மூச்சு முட்டக் கூடாது பாருங்க.”

சுற்றி இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. வீட்டில் என்னைக் கேலி செய்ய ஆள் போய் நாளாகிறது.

பேக்கிங் மேசைக்கு முன்னால் நான் நகராமல் நின்றுவிட்டேன். தையல்காரன் நான், துணி மடிக்கத் தெரியாதவன் இல்லை. ஆனால் இங்கே மடிப்பது வேறு வேகம். பனியனைக் குப்புறப் போட்டு, இரண்டு கையையும் உள்ளே தள்ளி, கீழிருந்து ஒரு மடி, மேலிருந்து ஒரு மடி, ஒரு புரட்டு. கண்ணாடி மாதிரியான பாலி கவருக்குள் அது தானாகவே போய் உட்கார்ந்துகொள்கிறது. தினமும் மடித்து மடித்து, வீட்டில் துண்டு, போர்வை எது கிடைத்தாலும் கை இப்படித்தான் போகும் என்றார் ஒரு பெண். “எங்கூட்டுக்காரரு சட்டையக் கவருக்குள்ள தேடுவாருங்க” என்றார் இன்னொருத்தி.

மூலையில் வெட்டி விழுந்த துணித் துண்டுகள் மூட்டை மூட்டையாக இருந்தன. பனியன் வேஸ்ட். வண்டி துடைக்க, இயந்திரம் துடைக்க, கை துடைக்க, இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து விரலில் தேய்த்தேன். பஞ்சு ஒட்டியது. ஓர் இரவு முழுக்க என்னைத் தூங்கவிடாத என்னுடைய மேகம் இதுதான் என்று அக்காவிடம் சொல்ல நினைத்தேன். சொன்னால் வயிற்றோடு சேர்த்து மூளைக்கும் அளவு எடுப்பார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் உடுமலைப் பக்கம் பேருந்து ஏறினேன். உடுமலையில் மாறிய பேருந்தில் சன்னல் ஓரம் கிடைத்தது. காற்று வந்தது. காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எப்போது கண்ணை மூடினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது பேருந்து காலியாக நின்றது. ஊர் கொமரலிங்கம். நான் இறங்க வேண்டிய இடம் வெகுதூரம் பின்னால் போய்விட்டது.

“எழுப்பியிருக்கக் கூடாதா?” என்று நடத்துநரிடம் கேட்டேன்.

“நல்லா வாயத் தொறந்து தூங்குனீங்களா, எழுப்ப மனசு வரலீங்க. டிக்கெட்டு நான் குடுக்கறனுங்க, முழிப்பு நீங்கதான் கொண்டாரோணும்” என்றார்.

இந்த மாதிரி வார்த்தைக்காக நான் இன்னும் இரண்டு ஊர் தாண்டிக்கூட இறங்குவேன். கோபமே வரவில்லை. அமராவதி ஆறு பக்கத்தில் ஓடியது. நெல் வயல்கள் எங்கள் ஊர்ப் பச்சையில் இருந்தன. ஒரு மெஸ்ஸில் இலை போட்டுச் சோறு, பருப்பு, கத்திரிக்காய்ப் பொரியல் சாப்பிட்டேன். பரிமாறியவர் மூன்று முறை, “இன்னுஞ் சித்த வெக்கட்டுங்களா?” என்றார். எங்கள் ஊர்க் கடையில் நாம் கை காட்டினால்தான் தட்டில் விழும். இங்கே கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தால்தான் நிற்கிறது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதற்கும் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்றில் இடம் கிடைத்துத் தோப்புக்கு வந்து சேர்ந்தேன். நட்சத்திர பங்களா என்றால் ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது. “காவலுக்கு ஒருத்தர் இருப்பாருங்க. நல்ல மனுசன். தனியாக் கெடந்து கெடந்து தனக்குத்தானே பேசிக்குவாரு, கண்டுக்காதீங்க” என்று சொல்லி இறக்கிவிட்டார். என்னைப் பற்றியும் தைப்பிங்கில் யாராவது இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபோது முதலில் தெரிந்தது அந்தக் காற்றாலைதான். திரையில் என் சுண்டுவிரல் அளவு இருக்கும் இறக்கை, இங்கே ஒரு பேருந்து நீளத்துக்குச் சுற்றியது. சத்தமும் இருந்தது, திரையில் இல்லாத, பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம்.

உள்ளிருந்து ஒல்லியாக ஒருவர் வந்தார். வேட்டி, மேலே கம்பெனிப் பனியன், தோளில் வேஸ்ட் துணி. கையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். திரையில் தினமும் பார்த்த, கட்டைவிரல் நகம் பிளந்த அதே கை.

“கதிர்வேலுங்களா?” என்றேன்.

அவர் நின்றுவிட்டார். “கதிரா? அது எம் பையனுங்க. அவன் ஜோர்டான் நாட்டுல இருக்கறான், பனியன் கம்பெனியில. எம் பேரு சென்னியப்பன். நீங்க எங்கிருந்து வாரீங்க?”

“வெளிநாட்டிலிருந்துங்க. மலேசியா.”

வெளிநாடு என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. என் பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். “கதிருக்குத் தெரிஞ்சவருங்களா! வாங்க, உள்ள வாங்க சாமி, ஒறம்பரை வருவாங்கன்னு காலையிலிருந்து காக்கா கத்துச்சுங்க” என்று ஒரே மூச்சில் பேசிக்கொண்டே அறைக்குள் கூட்டிப்போய், நாற்காலியைத் துடைத்து, கணினிக்கு முன்னால் உட்காரவைத்துத்தான் நான் முதலில் எழுதியிருக்கும் அந்தப் பேச்சைப் பேசினார்.

நான் வாயைத் திறக்குமுன் மீதியும் வந்தது. இந்தக் கேமராவை இங்கே பொருத்தியதே கதிர்தான். பொருத்திவிட்டு வெளிநாடு போகும்போது, “நீங்க தொடைக்கறப்ப நான் அங்கிருந்து பாத்துக்கறேன்ப்பா” என்று சொல்லிவிட்டுப் போனானாம். சென்னியப்பனிடம் இருப்பது பட்டன் கைப்பேசி. அவன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூப்பிடுவான். இவருடைய மனைவி பெருமாநல்லூரில் மகள் வீட்டில், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

“நான் தெனமும் பொழுதோட என்ன ஆக்குனேன்னு தட்டுல வெச்சு அவனுக்குக் காட்டீருவனுங்க. போன பொங்கலுக்குக் கூப்பிட்டப்பக் கேட்டேன், கண்ணு, ராகிக் களி காட்டுனனே, பாத்தியான்னு. பாத்தேன்ப்பா, நல்லா இருந்துச்சுன்னான். கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. நல்லா இருந்துச்சாமா! இங்கிருந்து வாசம் போச்சாக்கும்னு கேட்டேன். சிரிச்சான்.” சொல்லிவிட்டு மறுபடி எண்ணைப் பார்த்தார். “அப்படிப்பட்டவன் ஒரு வாரமா வரலீன்னா?”

  அவர் அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பினார். நான் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் திரையில் பூஜ்யம் ஒன்றானது.

“ஏனுங்க” என்றேன். “இங்கே பாருங்க.”

தீக்குச்சி கையில் எரிந்து விரல் வரை வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. “வந்துட்டான்” என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீங்க பத்தரமா வந்து சேந்தீங்களான்னு பாக்கறானாட்டம் இருக்குதுங்க. விவரமான பையன்.”

அதன் பிறகு அந்த அறையே வேறு மாதிரி ஆகிவிட்டது. பாட்டு முணுமுணுத்தார். அலமாரியில் பருப்பு, மிளகாய், அப்பளம் எல்லாம் பனியன் போடும் பாலி கவர்களில் இருந்தன. சிலவற்றில் அளவு ஒட்டிய சீட்டுகூட இன்னும் இருந்தது. பருப்பு எல் அளவு. இருபது வருடம் பேக்கிங்கில் இருந்தாராம். முதலாளி நல்ல மனதோடு இங்கே உட்காரவைத்திருக்கிறார். தோசை ஊற்றினார். கடலைச் சட்னி அரைத்தார். எனக்குத் தட்டில் போட்டுத் தந்துவிட்டு, தன் தட்டில் ஒரு தோசையும் சட்னியும் வைத்துக்கொண்டார்.

“சாமி, ஒரு ஒத்தாசை பண்றீங்களா? கீழ ஆளு இருந்து நான் ஒருநாளும் காட்டுனதில்லீங்க. நான் மேல போயிக் காட்டறேன். நல்லாத் தெரியுதான்னு நீங்க இந்தத் திரையில பாத்துச் சொல்லோணும்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவர் படியேறினார். வெளியே மலைக்குப் பின்னால் வெயில் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. திரையில் ஒன்றும் இல்லை, ஒரு காக்கை மட்டும் குறுக்கே போனது. படம் மாடியிலிருந்து கிளம்பி, எங்கெங்கோ சுற்றி, இந்தத் திரைக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். நேரலை என்கிறார்களே தவிர அதுவும் பேருந்து பிடித்துத்தான் வருகிறது. தெரிகிறது, அருமையாகத் தெரிகிறது என்று சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அதற்குள் அவர் இறங்கி வந்துவிட்டார். தட்டும் கையுமாக என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றபோதுதான், திரையில் தட்டு மேலே வந்தது. அது வானத்தை மறைத்தது. இருட்டியது. கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டது. புள்ளி புள்ளியாக எழுத்துத் தெரிந்தது.

அவர் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். “க-திர்-வேல்.”

தன் கையில் இருந்த தட்டை ஒருமுறை பார்த்தார். தோசை விழாமல் மெதுவாக மேலே தூக்கி அதன் அடியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். “அவனுக்குக் காது குத்தறப்ப அவிங்க மாமன் வெச்ச தட்டுங்க இது” என்றார், நான் அதைத்தான் கேட்டேன் என்பது போல.

தட்டை மெதுவாக மார்புக்கு நேரே இறக்கிக்கொண்டார்.

“தட்டோட குண்டிதான் தெரியுதுங்க” என்றார் கடைசியில். “கேமரா கீழ கெடந்து மேலயல்ல பாக்குது. எனக்கு இது தோணவே இல்லியே. அப்பறம் எப்படிங்க அவன் களி நல்லா இருந்துச்சுன்னான்?”

நான் என் தட்டை மேசைமேல் தள்ளி வைத்தேன்.

“வேலை மும்முரத்துல என்னமோ சொல்லியிருப்பானுங்க” என்று அவரே அவனுக்காகச் சொன்னார். பிறகு குரல் மாறியது. “ஏனுங்க. நீங்க வாசல்ல வந்து கதிர்வேலுங்களான்னுதான கேட்டீங்க? என்னையப் பாத்து.”

“ஆமாங்க.”

“அவனத் தெரிஞ்சிருந்தா என்னைய அப்படிக் கேட்டிருக்க மாட்டீங்கல்ல?”

நான் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதிலும் அதே வட்ட வானம், கீழே அதே ஒன்று. அவர் பார்க்கும்படியாக அந்தப் பக்கத்தை மூடினேன். கணினியில் எண் மறுபடி பூஜ்யத்துக்குப் போகும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“தெனமும் நீங்கதானுங்களா?”

“நான்தாங்க. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு வருவேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.”

தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் கூடப் போகவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தபோது மோட்டார் ரூம் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடாத தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தட்டிலும் தோசை ஆறியது. சரசு இருந்திருந்தால் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், ஒன்றும் பேசியிருக்க மாட்டாள். எனக்குப் பேசாமல் உட்காரத் தெரியாது. அதனால் இருந்த இடத்திலேயே இருந்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றும் இருந்தது. சொல்லாமல் கிளம்பினால் அவருக்கு இரண்டு ஆள் போனது போல ஆகிவிடும்.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தபோது உள்ளே வந்தார். முகம் கழுவியிருந்தார். என் தட்டைப் பார்த்தார்.

“ஏனுங்க, திங்கவே இல்லீங்களா?”

“நீங்க வரட்டும்னு...”

“ஆறிப்போச்சு. குடுங்க.” அடுப்பைப் பற்றவைத்து எனக்கு வேறு தோசை ஊற்றிப் போட்டார். இன்னொன்று ஊற்றி, நன்றாக முறுக விடாமல் மெத்தென்று எடுத்தார். அதை மேசையில் குப்புறப் போட்டார். ஆவி போகட்டும் என்று சித்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பக்க ஓரத்தையும் உள்ளே தள்ளி, கீழிருந்து ஒரு மடி, மேலிருந்து ஒரு மடி, ஒரு புரட்டு. அலமாரியில் தேடி, சீட்டு ஒட்டாத புதுப் பாலி கவர் ஒன்றை உதறி எடுத்தார். தோசை அதற்குள் தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது. சட்னியை என்ன செய்வது என்று யோசித்தார். ஒரு சின்னக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

“போனத் தொறங்க” என்றார்.

திறந்தேன். தோளில் இருந்த வேஸ்ட் துணியை இழுத்துக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார்.

கணினியில் ஒன்று வந்துவிட்டது. என் கைப்பேசியில் வெறும் வானம். மேற்கு ஓரம் மட்டும் சிவப்பு. மாடியிலிருந்து குரல் வந்தது.

“வந்துச்சுங்களா?”

“இல்லீங்க. இன்னும் வரலை.”

இந்தத் தடவை அவர் இறங்கவில்லை. அவருக்கும் இப்போது தெரியும், வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று. முதலில் கை வந்தது. குமிழைச் சுற்றிச் சுற்றித் துடைத்தது. பிறகு வானத்துக்கு நடுவில், கண்ணாடிக் கவருக்குள், செவ்வகமாக மடித்த ஒரு தோசை, ஓரத்தில் பொன்னிறம், பக்கத்தில் முடிச்சுப் போட்ட சட்னி, அதற்குப் பின்னால் தலைகீழாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இத்தனை காலத்தில் நான் திரையில் பார்த்தே இராத முகம்.

“வந்துருச்சுங்க” என்று கத்தினேன். “நல்லாத் தெரியுது.”

அதற்குப் பிறகும் அவர் கையை இறக்கவில்லை.